கறளும் புட்டியும்

பழைய காரொன்றை வைத்திருப்பவனிடம் எங்கள் பகுதியில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டுதான். ஒன்று, "இன்னும் ஓடுதா?" மற்றது, "குடுக்கிற யோசன இரிக்கா?" முதற் கேள்விக்குப் பதில் இலகு. பெற்றோலும் பற்றரியும் இருந்தால் ஓடும். இரண்டாவது கேள்வி 2020 மார்ச் வரைக்கும் வெறும் குசல விசாரிப்பாகவே இருந்தது. அந்த மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நான்கு சக்கரம் உள்ள எதற்கும் விலை ஏறிற்று. கோழி அடைக்கப் பாவித்த கார்களைக்கூட இழுத்துச் சென்று திருத்தி விற்றார்கள். குசலம் வியாபாரமாக மாறியது.

எங்களிடம் இருப்பது மொரிஸ் மைனர் 1000. 1960ஆம் ஆண்டுப் பதிவு, நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ. வாப்பா 1974இல் இன்னொருவர் கையிலிருந்து வாங்கியது. மைனர், 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட கார். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதனை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து அகலத்தைத் தீர்மானித்தாராம். பொனற்றின் நடுவே மேடாக ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். அறுத்து ஒட்டிப் பிறந்த கார் என்பதாலோ என்னவோ, எங்கள் ஊர் பாஸ்மார் எத்தனை தடவை அறுத்து ஒட்டினாலும் அது கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். லொறிக்கு இருப்பதைப்போல மைனருக்குத் தனியான செஸி கிடையாது. அடித்தளத் தகடும், கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற தகடுகளும் சேர்ந்துதான் காரைத் தாங்கி நிற்கின்றன. முன்சில்லுகளைத் தாங்கும் நீண்ட இரும்புக் கம்பிகளின் பின்முனை, முன் ஆசனங்களுக்கடியில் குறுக்கே போகும் தகட்டில் பூட்டப்பட்டிருக்கிறது. பின் ஸ்பிரிங் பிளேட்டுகளும் இந்த அடித்தளத்திலேதான் தொங்குகின்றன. ஆகவே இந்தக் காருக்குக் கறள் என்பது தோல் வியாதியல்ல, எலும்பு வியாதி. மட்காட்டில் ஓட்டை விழுந்தால் அவலட்சணம், அவ்வளவுதான். அடியில் விழுந்தால் சில்லு காரோடு நிற்காது.

கடற்கரை ஊரில் இரும்பு வைத்திருப்பது எப்போதும் கஷ்டந்தான். இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் கறள். அதில் உப்பும் கலந்தால் வேகம் பன்மடங்கு. கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனாலேதான் பெயின்ட் கொப்புளம்போல மேலெழும்புகிறது. நாம் கொப்புளத்தைக் காணும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எங்கள் கல்முனைக் கரைக்கு 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கார் நின்ற முற்றத்தில் முழங்காலளவு நீர். கடல் திரும்பிப் போய்விட்டது, பெட்டித் தகடுகளுக்குள் உப்பு நின்றுவிட்டது. உடனே நல்ல நீரால் உள்ளும் புறமும் கழுவியிருந்தால் பாதி தப்பியிருக்கும் என்று இப்போது எவரும் சொல்லலாம். அந்த வாரங்களில் ஊர் ஜனாஸாக்களை அடக்கிக்கொண்டிருந்தது. காரைக் கழுவ யாருக்கு நினைவு வரும்?

2021இன் கடைசியில் ஒருவர் கார் கேட்டு வந்தார். தென்மேற்குப் பக்கத்தவர். பழைய கார்களைச் சோடித்து மணமக்களை ஏற்றிச்செல்ல வாடகைக்கு விடுகிறவர். அவர் சொன்ன தொகை எங்கள் குடும்பத்துக்குப் பெரியது. மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை மட்டத்தில் நின்றது. சீமெந்து, கம்பி, பலகை எல்லாம் விலையேறிக் கொண்டிருந்தன. கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எத்தனையோ கதைகளும் கவிதைகளும் வந்துவிட்டன. நானும் மேடைகளில் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். ஆனாலும் கூரையில்லாத வீட்டைத் தினமும் பார்ப்பது வேறு.

டிங்கர் பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிவந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"காக்கா, நாலு நாள் தாங்க. புட்டி போட்டு உரசி, பெயின்ட் அடிச்சித் தாறன். வாறவரு முகம் பாப்பாரு."

"அடியில என்ன செய்ற தம்பி?"

"அடிக்குத் தார் பூசுவம். கறுப்பா இரிந்தா எல்லாம் ஒண்டுதான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல கைகாரர். கொண்டுவருகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பதை அவர் செய்து கொடுக்கிறார். புட்டி கெட்ட பொருளுமல்ல. ஒட்டிய தகட்டின் மேடுபள்ளத்தை நிரவுவதற்காக வந்த பொருள். அதைக் கொண்டு ஓட்டையை அடைக்கத் தொடங்கியபோதுதான் அது வேறொன்றாகிவிட்டது. கறளின் மேல் தாரைப் பூசுவதோ அதைவிட மோசம். நீர் உள்ளேயே அடைபட்டுக் கிடந்து, எவர் கண்ணிலும் படாமல் மிச்சத்தைத் தின்னும்.

இருவருமாகக் காரை ஜக்கில் தூக்கி, அடியில் படுத்து, பழைய ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்த்தோம். பழைய காரை வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. நல்ல இரும்பு "டங்" என்று திருப்பிப் பேசும். கெட்டது பேசாது, ஸ்குறூ டிறைவரை உள்ளே எடுத்துக்கொள்ளும். வலது பின் ஸ்பிரிங் பிளேட்டைத் தாங்கும் இடம் எடுத்துக்கொண்டது. வலது கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகடும் எடுத்துக்கொண்டது. இடது பக்கத்தில் மேற்கறள் மட்டும்.

வாப்பா நெல் வியாபாரி. வண்டியில் வரும் மூடையை அவிழ்த்து மேல் நெல்லைப் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடி நெல்லைப் பிடித்தெடுப்பார். நெல் வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் விற்கும்போதும் வாங்குகிறவரைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுவார். அது எல்லோரும் செய்வதல்ல. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை நாமெல்லோரும் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கை அதன் பின்னரே வருகிறது. மழை பெய்ததை எவரும் குற்றமாக்கவில்லை. என் காரில் கடல் ஏறியதும் குற்றமல்ல.

ஆகவே வந்தவரிடம் சொல்லிவிட்டேன். அவர் படுத்துப் பார்க்கவில்லை, வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் பின்வாங்கியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவரோ சிரித்துக்கொண்டு, "அது பரவாயில்ல சேர், மேல வடிவா இருந்தாச் சரி. பெயின்ட அடிச்சிட்டு ஒரு கோல் தாங்க" என்றார். விலையையும் குறைக்கவில்லை.

மௌலவியான நண்பரொருவரிடம் கேட்டேன். குறையைச் சொல்லிவிட்டீர்கள், வாங்குபவர் ஒப்புக்கொண்டார், வியாபாரம் செல்லும் என்றார். சட்டப்படி சரியான பதில். என் மனம் மட்டும் பின் ஆசனத்திலேயே நின்றது. அதில் ஏறப்போகிற மணப்பெண்ணிடம் எவரும் எதையும் சொல்லப்போவதில்லை. அவள் அந்த வியாபாரத்தில் ஒரு தரப்பும் அல்ல. அடிப்பாகத்தைத் திருத்தித் தருகிறேன், நான்கைந்து மாதம் பொறுங்கள் என்றேன். அவருக்குக் கலியாணக் காலம் தவறிவிடும். வேறு கார் பார்த்துக்கொண்டார்.

"அவரே வேணாமெண்டுதானே சொன்னாரு" என்றாள் மனைவி. "கூரைய ஆரு போடுற?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சில நாட்கள் வீட்டில் தேநீர் மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

காருக்கென்று மாதம் 7,000 ரூபா ஒதுக்குவதென்று தீர்மானித்தேன். அந்தப் பணத்தில் ஒழுங்குமுறை முக்கியம். வழமையாக எல்லோரும் பெயின்டில் தொடங்குவார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. நான் ஆளைக் கொல்லக்கூடியதை முதலில் எழுதினேன்.

முதலாவது பிரேக். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் காலுக்கடியில் அடித்தளப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. பாய்விரிப்பைத் தூக்கி, தகட்டிலுள்ள ஓட்டை வழியாகத்தான் நீர்மத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆகையால் எவரும் பார்ப்பதில்லை. நான்கு சில்லுகளுக்கும் ஒரே இணைப்பு, ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பிரேக் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பல வருடம் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் குழாய்களையும் சிலிண்டர்களையும் உள்ளிருந்தே கறளாக்கும். வெளிக் கறளை ஆயிரம் பேர் பார்ப்பார்கள். இந்தக் கறளைக் காலால் மிதிக்கும்போதுதான் அறியலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் வேறு ஒயிலை ஊற்றிச் சமாளித்த கதைகள் ஊரில் உண்டு. கனிய ஒயில் பட்டால் உள்ளே இருக்கும் இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். இறப்பர் தொகுதியைப் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். விலை பெரிதல்ல. கழற்றுவதுதான் கஷ்டம். சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவவிடாமல் முன்சில்லின் கம்பி குறுக்கே நிற்கும். அந்தக் கம்பியை அசைத்தெடுக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று. லுஹருக்குத் தொடங்கி மஃரிபுக்கு அண்மையில் வெளியே வந்தேன்.

இரண்டாவது, முன்சில்லுகளைத் திருப்பும் தண்டின் மேலும் கீழும் மரைபோல் பூட்டியிருக்கும் 'ட்றனியன்'. மைனர் வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே பயப்படுவார்கள். மரை தேய்ந்தால் தண்டு கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்து, கார் மூக்குக் குப்புற விழும். அதைத் தடுப்பது கிறீஸ் மட்டுமே. சில்லைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடித்தால்தான் கிறீஸ் சரியாக உள்ளே போகும். கராஜில் அவசரத்தில் எவரும் தூக்குவதில்லை. இந்த வேலையை இப்போது மகளே மாதமொருமுறை செய்கிறாள். பக்கத்துக்கு இரண்டு நிப்பிள், பத்து நிமிட வேலை.

அதன் பிறகுதான் தகடு. ஸ்பிரிங் பிளேட் தாங்கிக்கு 2 மில்லிமீற்றர் கனத் தகடு வாங்கினோம். பெட்டித் தகட்டுக்கு எண்ணெய்ப் பீப்பாயொன்றை வெட்டினோம். பாஸுக்கு ஆரம்பத்தில் இந்த வேலையில் விருப்பமில்லை. "ஆரும் பாக்காத இடத்துக்கு இவ்வளவு பாடா?" என்றார். தொடங்கிய பின் அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. மினுங்கும் நல்ல இரும்பு வரும்வரை அறுத்துக்கொண்டே போனார். அவர் சொல்லித்தந்த சில விடயங்கள் எந்தக் கையேட்டை விடவும் பெறுமதியானவை. பெட்டித் தகட்டை அறுக்கும் முன் காரின் நடுவே முட்டுக் கொடுத்து, கதவுகளைச் சாத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. ஸ்பிரிங் தாங்கியில் நெருப்புப் பிடிக்கும் முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். பற்றரியின் வயரையும் கழற்ற வேண்டும். தொடர்ந்து ஒட்டாமல் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று வைத்துப் போனால்தான் மெல்லிய தகடு சூட்டில் நெளியாது.

பெட்டிக்குள் தேங்கும் நீர் வெளியேறவென்று அடியில் சிறு துளைகளை வைத்தே இங்கிலாந்தில் செய்தார்கள். அவற்றைத் தாரும் சேறும் எப்போதோ அடைத்துவிட்டிருந்தன. சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்தேன். ஒரு சதமும் செலவில்லாத இந்த வேலையைப் போல் பலன் தருவது வேறில்லை. உள்ளே பாவித்த எஞ்சின் ஒயிலை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. பாவித்த ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால் நான் புது ஒயிலில் கிறீஸைக் கரைத்துப் பீச்சினேன். சில நாட்கள் முற்றமெல்லாம் கறை. அதற்கும் வீட்டில் பேச்சு வாங்கினேன்.

1990களில், இங்கிலாந்தில் ஓடும் மைனர்களுக்கான தகடுகளை இலங்கையில் செய்து அனுப்பினார்கள். அவர்களுடைய காருக்கு எங்கள் தகடு போயிருக்கிறது, எங்களுடைய காருக்கு எண்ணெய்ப் பீப்பாய். இதை பாஸிடம் சொன்னபோது, "பீப்பாத் தகடும் வெளிநாட்டாலதானே வந்த" என்றார்.

2022இன் எரிபொருள் வரிசைக் காலத்தில் கார் ஓடவில்லை. வேலை ஓடியது. நான்கைந்து மாதம் என்று நினைத்தது பதினான்கு மாதமாயிற்று. காஸ் கிடைக்காத மாதங்களும் தகடு விலை இரட்டித்த மாதங்களும் அதற்குள் அடக்கம். கூரையை 2023இல் போட்டோம், தென்னந்தோட்டத்தில் ஒரு துண்டை ஈடுவைத்து. ஈடு இன்னும் மீளவில்லை.

காரின் வலது பக்கத்தில் சிவப்பு ஒக்சைட் திட்டுகள் அப்படியே இருக்கின்றன. பெயின்ட் எப்போது என்று பள்ளிவாசல் வாசலில் கேட்கிறார்கள். பட்டியலில் அது கடைசி. அதற்கு முன்னால் பெற்றோல் தாங்கி இருக்கிறது. உள்ளே கறள் செதிள் உதிர்ந்து பம்பின் வடியை அடைக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் விக்குகிறது. அடுத்த மாதப் பணம் அதற்குத்தான்.