திருகுவதற்கு முன்

எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் 1.5 மடங்கு ஸ்கோப் அதன் கைப்பிடியிலேயே இருக்கிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலே, 100 மீட்டரில் குண்டு 2.9 செ.மீ. தள்ளிப்போகும். திடீரென இலக்கு தவறினால் கை திருகாணிக்குப் போகும். வாய் சுட்டவனைத் திட்டும்.

போன ரிசர்விஸ்டில் நண்பன் சுட்டதெல்லாம் வலப்பக்கம் விலகியது. “கண்ணு தெரியலையாடா?” என்று சிரித்தார்கள். தாளில் ஐந்து துளைகளும் நெருக்கமாகவே இருந்தன. ஸ்கோப் ஆடியிருந்தால் சிதறியிருக்கும். ஆனால், கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தவறாக வைத்தாலும் இப்படி வரலாம்.

“எதையும் திருகாதீங்க, வேற ஆள் சுடட்டும்” என்றேன். அதே துப்பாக்கி, அதே ரகக் குண்டு. அவருக்கும் வலப்பக்கமே. பிசகியது துப்பாக்கிதான்.

வேலையிலும் இதுதான் வழக்கம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதலிலேயே திருகியிருந்தால் இலக்கு சரியாகியிருக்கும். பழி நண்பன்மேலேயே நின்றிருக்கும்.