நான் சொல்லாமல் விட்ட ஆண்டுகள்

திருநெல்வேலியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கதையைப் பாதி மட்டும் சொல்லி என் மாணவர்களை ஏமாற்றினேன். மீதிப் பாதி எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

வகுப்பில் நான் சொன்ன பாதி இது: ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் நுட்பத்தையும் தர 1991-இல் சோவியத்தின் விண்வெளி அமைப்பான கிளாவ்காஸ்மாஸ் இஸ்ரோவுடன் ஒப்பந்தம் செய்தது. அந்த நுட்பம் ஏவுகணைக்கு உதவும் என்று சொல்லி, 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு அமைப்புகள் மீதும் தடை விதித்தது. மறு ஆண்டு ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்களைத் தந்தது, நுட்பத்தைத் தரவில்லை. நம்மவர்கள் அதைச் சொந்தமாகவே செய்தார்கள். “தடை நமக்கு வரமாக வந்தது” என்று முடிப்பேன். எஞ்சின் சோதனை நடக்கும் மகேந்திரகிரி எங்கள் மாவட்டத்தில் இருப்பதால் கைதட்டல் இன்னும் பலமாக எழும். அந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன்.

சொந்த எஞ்சினோடு பறந்த முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரலில் தோற்றது. வெற்றி கிடைத்தது 2014 ஜனவரி 5-இல்தான். தடைக்கும் வெற்றிக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல். கனமான நம் செயற்கைக்கோள்கள் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் பிரெஞ்சு கயானாவுக்குப் போய், கட்டணம் கொடுத்து ஏரியான் ராக்கெட்டில் ஏறின. இவற்றை நான் வகுப்பில் சொல்லவில்லை.

அதற்கான விலையை என் மாணவன் ஒருவன் கொடுத்தான். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்த ஆய்வகங்களில் ஒன்றில் அவன் இருந்தான். தடை என்றால் பெரிய எந்திரம் மட்டும் நின்றுபோவதில்லை. வால்வு, உணர்கருவி, பழைய கருவிக்கான உதிரிப்பாகம் என எல்லாவற்றுக்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும்; அது வராது. பிறகு விற்பவர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். அவனுடைய ஆராய்ச்சி அப்படித்தான் முடங்கியது. பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னான்: “மத்தவங்க தடையைத் தாண்டினாங்க சார். எனக்குத்தான் திறமை பத்தலை.”

அந்த எண்ணத்தை அவன் மனத்தில் விதைத்தவன் நான். திறமை இருந்தால் தடை ஒன்றுமில்லை என்று கற்பித்தால், முடங்கிப்போனவன் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்வான். அன்றே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நம் பொறியாளர்களின் சாதனை பெரியது. அதைத் தடையின் கணக்கில் எழுதியது நான் அவர்களுக்கும் செய்த அநீதி. இஸ்ரோவுக்குப் பின்னால் பெரிய அமைப்பும், அரசின் பணமும், காத்திருக்கும் பொறுமையும் இருந்தன. ஒரு சிறிய ஆய்வகத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. தடை முதலில் முறிப்பது அப்படிப்பட்ட இடங்களைத்தான். வென்றவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கிறது. முடங்கியவர்களை யாரும் எண்ணவில்லை. அவர்களை எண்ணாமல் விட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன்.