அம்மாவின் நிறம்

“மொதல்ல மூக்குத்தியப் பாப்போம் தம்பி” என்றார் பெரியவர். திரையில் அம்மாவின் முகம் பெரிதாகிக்கொண்டே போய் மூக்கு மட்டும் நின்றது, பிறகு மூக்குத்தி மட்டும். கல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கு. “இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வெளிச்சம் அத்தனையும் தின்னுருச்சு. இத யாராலயும் மீட்க முடியாது. இந்தக் கன்னத்தப் பாருங்க, கரேல்னு கெடக்கு. ஆனா உள்ள எல்லாம் இருக்கு.”

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. மாடியில் மூன்று கணினி, ஒரு பிரிண்டர், ஜன்னலோரம் ஒரு மேசை. பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது; பதினெட்டு வயதில் தொடங்கிய டச்சிங் வேலை. என் சொந்தப் படம் ஒன்றைச் சரிசெய்யவும், அதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் போயிருந்தேன்.

போன பொங்கலன்று காலை அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தெரு முழுக்க வெயில். கேமரா அந்த வெயிலுக்கு அளவு வைத்துக்கொண்டதில் அம்மா இருட்டில் அமிழ்ந்துபோனார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பெரிதாக்கித் தர நினைத்து வேறொரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். சட்டம் போட்டு வந்த படத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். சுருக்கம் இல்லை, நெற்றித் தழும்பு இல்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “யாருப்பா இது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கறுத்த அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதையே அழித்துப் பரிசென்று கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் முதலில் கேட்டது, “ரா ஃபைல் இருக்கா?” நல்லவேளை, இருந்தது. ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். என் கேமராவின் ரா கோப்பு 14 பிட். அதில் 16,384 படிகள். இருண்ட கன்னத்தை ஜேபெக்கில் தூக்கினால் படிகள் போதாமல் திட்டுத் திட்டாக உடையும். ரா அந்த இழுப்பைத் தாங்கும்.

அசல் படத்தை அவர் தொடவேயில்லை. அதன்மேல் ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டு, கோட்டின் நடுவைப் பிடித்து மேலே வளைத்தார். மொத்தப் படமும் வெளுத்தது. லேயரின் மாஸ்க்கில் கறுப்பை நிரப்பினார். வெளுப்பு முழுக்க மறைந்தது. “கறுப்பு மூடும், வெள்ளை தெறக்கும். இவ்வளவுதான் தம்பி.” பேனாவை எடுத்தார், பிரஷ்ஷின் ஃப்ளோவைப் பத்து சதவீதத்துக்கு இறக்கினார், கன்னத்தின்மேல் வெள்ளையைத் தடவத் தொடங்கினார். முதல் தடவலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்தாறு முறை போய்வந்த பிறகு கன்ன எலும்பு மெல்ல எழுந்தது. தெருவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடைக்கு அடியில் ஏறியிருந்தது. அங்கே கூடுதலாகத் தடவினார். இல்லாத வெளிச்சம் எதையும் அவர் கொண்டுவரவில்லை. இருந்ததை எழுப்பினார்.

இந்தக் கைப்பழக்கம் கணினிக்கு முந்தையது. நெகட்டிவைச் சாய்வான கண்ணாடி மேசையில் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரவிட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்து பென்சிலால் டச்சிங் செய்த காலம். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிக்கொள்வார்களாம். முகத்தில் உள்ள கரும்புள்ளி நெகட்டிவில் தெளிவான ஓட்டையாகத் தெரியும். பென்சிலால் அதை அடைத்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். ஆக, பென்சிலால் வெளுப்பாக்க மட்டுமே முடியும். கறுப்பாக்க வேண்டுமென்றால் சிறு கத்தியால் பூச்சைச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் நெகட்டிவ் போச்சு. மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. “பென்சில் எல்லாரும் புடிப்பாங்க. கத்திய எடுக்கத்தான் யோசிப்பாங்க” என்றார். முகங்களை வெளுக்கும் வழக்கம் ஃபோட்டோஷாப்போடு வந்தது என்று நினைத்திருந்தேன். அது பென்சில் முனையிலேயே இருந்திருக்கிறது.

ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். இருட்டறையில் கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் வெளிச்சத்தை மறைத்து ஓர் இடத்தை வெளுக்கச் செய்வார்கள். விரல்களைக் குவித்து, அந்த இடைவெளி வழியே வெளிச்சம் விட்டுக் கறுக்கச் செய்வார்கள். டாட்ஜ், பர்ன் என்ற இரண்டு கருவிகளுக்கும் அந்த அட்டையும் கையும்தான் இன்றுவரை சின்னம். பெரியவர் கணினிக்கு வந்து முதலில் அடையாளம் கண்டுகொண்டது அந்த இரண்டையும்தான்.

அடுத்த கணினியில் ஒரு பெண், வயது இருபத்தைந்து இருக்கும், கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தார். அவருடைய விசைப்பலகையில் பி, எஸ், ஜே, இரண்டு பகர அடைப்புக்குறிகள் ஆகியவை எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. பிரஷ், க்ளோன், ஹீலிங், பிரஷ் அளவைக் கூட்டக் குறைக்க. முகூர்த்த மாதங்களில் நாளெல்லாம் விரல் அங்கேயேதான். “பொண்ணக் கொஞ்சம் கலராக் காட்டுங்கன்னு கேக்காத வீடு இல்ல சார். முகத்த வெளுத்தா கழுத்து காட்டிக்குடுக்கும். கழுத்த வெளுத்தா கை. கடைசில பக்கத்துல நிக்கிற தங்கச்சி வரைக்கும் வெளுக்கணும்.” முதலில் வெளுக்காத படத்தையே காட்டுவாராம். சிலர் பார்த்துவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்பதுண்டு. அந்தச் சிலருக்காகத்தான் அதைச் செய்வதாகச் சொன்னார்.

நடுவில் ஒருவர் இறந்துபோன அப்பா அம்மாவின் படங்களைக் கொண்டுவந்தார். தனித்தனியாக எடுத்தவை, ஜோடியாகச் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு வெளிச்சம் இடமிருந்து, அம்மாவுக்கு வலமிருந்து. “அம்மா படத்தத் திருப்பிப் போட்டா சரியாயிரும்ல?” என்று நான் கேட்டேன். “முந்தானை வலது தோளுக்குப் போயிருமே தம்பி” என்றார் பெரியவர். நிழலைக் கையால்தான் மாற்ற வேண்டும். அரை நாள் வேலை.

என் படத்துக்குத் திரும்பியபோது அம்மாவின் முகம் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. ஆனால் சாம்பல் பூத்துக் கிடந்தது. வெயில் படாத நிழலில் வானத்தின் நீலம் ஏறிவிடும் என்றார். சுட்டியைக் கன்னத்தில் வைத்து மூன்று எண்களைக் காட்டினார். “செவப்பு மேல, பச்சை நடுவுல, நீலம் கீழ. எந்த மனுசத் தோலுக்கும் வரிசை இதுதான். இதுல நீலம் மேல ஏறி நிக்குது பாருங்க. அம்மா என்ன நெறம்?”

“என் நிறம்தான்.”

“டியூப் லைட்ல வேணாம். ஜன்னல்கிட்ட வாங்க.” என் முன்கையைப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார், மறுபடியும் கையை. நீலத்தைக் கொஞ்சம் இறக்கினார், சிவப்பைத் துளி ஏற்றினார். சாம்பல் விலகி, எண்ணெய் தேய்த்த பழைய கதவைப் போல ஒரு கறுப்பு மினுங்கியது. நெற்றித் தழும்பும் வந்துவிட்டது.

பிறகு அவர் காபி குடிக்க எழுந்தார். மிச்சத் துப்புரவுக்கு அந்தப் பெண் உட்கார்ந்தார். தூணில் இருந்த சென்சார் தூசியை நீக்கினார். மடியில் கிடந்த கைக்கு வந்தார். நிழலைத் தூக்கியதில் விரல் நுனிகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஹீலிங் பிரஷ்ஷால் மூன்று விரல்களை ஒரு நொடியில் சுத்தமாக்கிவிட்டார்.

“அது கோலமாவும்மா” என்றேன்.

அவர் கண்ட்ரோல் இசட்டை மூன்று முறை தட்டினார்.