பாலுக்குப் பக்கத்தில் ஒரு சாலமாண்டர்

ஆக்ஸலாட்டல் என்ற நீர்வாழ் சாலமாண்டரை வளர்ப்பவர்களுக்குக் கோடை ஆகாது. தண்ணீர் 16, 18 டிகிரி செல்சியஸில் இருக்கும்வரை அந்தப் பிராணி சுகவாசி. 24-ஐத் தாண்டினால் அதற்குச் சாப்பாடு இறங்காது, பூஞ்சை பிடிக்கும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். தொட்டிமேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் நீர் ஆவியாகிச் சில டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அதுவும் சரியாகப் பலிக்காது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, மூடியோடு மிதக்கவிடுவார்கள். கடைசி வழி ஃபிரிட்ஜ்தான். சோர்ந்துபோன பிராணியை ஒரு டப்பாத் தண்ணீரில் விட்டு, பாலுக்குப் பக்கத்தில் வைப்பதுண்டு. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். டப்பாவில் என்ன இருக்கிறதென்று வீட்டாருக்குச் சொல்லிவைப்பதும் உத்தமம்.

மெக்சிகோவில் பிறந்ததற்கா வெயில் ஆகவில்லை? அதன் பூர்விகம் மெக்சிகோ நகரின் தென்கோடியில் இருந்த சோச்சிமில்கோ ஏரி; உயரம் சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டி.

மலையிலிருந்து அதை இறக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாம் நெப்போலியனின் படை மெக்சிகோவில் இருந்த காலம். 1864-இல் 34 ஆக்ஸலாட்டல்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு, ஐந்து ஆணும் ஒரு பெண்ணும், விலங்கியலாளர் ஓகுஸ்த் துமெரிலிடம் வந்தன. அடுத்த ஆண்டே முட்டையிட்டன. குஞ்சுகள் வளர்ந்ததும்தான் வேடிக்கை தொடங்கியது. அவற்றில் சில செவுளை உதிர்த்தன, வால் துடுப்பை இழந்தன, தரைவாழ் சாலமாண்டர்களாகிவிட்டன. பெற்றோரோ அப்படியே நீருக்குள். இளமைக் கோலத்திலேயே இனப்பெருக்கமும் செய்துவிடும் பிராணி இது என்பது அப்போதுதான் விளங்கியது. வீட்டில் பிள்ளைகள் மட்டும் பெரியவர்களாகிவிட்டால் பெற்றோரை யார் கண்டிப்பது! துமெரில் அவற்றைப் பெருக்கி ஐரோப்பிய ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பினார். இன்று ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பகுதியின் வம்சாவளி அந்த ஆறு பேரிடம்தான் போய் நிற்கிறது.

வளராததற்குக் காரணம் தைராய்டு. 1920-இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி ஆக்ஸலாட்டலுக்கு மாட்டுத் தைராய்டைத் தின்னக் கொடுத்துத் தரைக்கு ஏற்றிக்காட்டினார், பத்திரிகைகள் குதித்தன.

ஆஸ்டெக் மக்களிடம் வேறு விளக்கம் இருந்தது. சூரியன் நகர வேண்டுமென்று தேவர்கள் எல்லோரும் உயிர் கொடுத்தபோது, ஷொலோட்டல் மட்டும் அழுதுகொண்டே ஓடினான். சோளத்தட்டையாக நின்றான், கற்றாழையாக நின்றான், கடைசியில் தண்ணீருக்குள் புகுந்து ஆக்ஸலாட்டலானான். அங்கேயும் பிடிபட்டான். சாகப் பயந்ததை மறைக்காத கடவுள் என்பதால் அவன்மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்கிறது.

ஒளிவதற்கு இப்போது ஏரியும் இல்லை, மிச்சமிருப்பவை கால்வாய்கள். நகரக் கழிவு கலந்தது. வளர்ப்புக்கென்று விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளைத் தின்றன. 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36. 2021-இல் மெக்சிகோவின் மத்திய வங்கி 50 பெசோ நோட்டில் அதன் படத்தை அச்சிட்டது. அழகாக இருக்கிறதென்று பலர் செலவழிக்காமல் நோட்டைப் பூட்டிவைக்கிறார்கள்.

செல்லப்பிராணியாக வாங்க நினைப்பவர்கள் முதலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையை விசாரியுங்கள். கட்டுப்படியாகாதென்றால் கப்பி மீன் போதும்.