சாட்சிக் கையெழுத்து

1936 டிசம்பர் 10-ஆம் தேதி எட்டாம் எட்வர்டு முடி துறந்து கையெழுத்திட்ட பத்திரத்தின் படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. தொழில்தோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்வர்டின் பெயருக்குக் கீழே சாட்சிகளாக மூன்று தம்பிகள்: ஆல்பர்ட், ஹென்றி, ஜார்ஜ். முதல் சாட்சிதான் மறுநாள் அரசர். ஆனால் ஆல்பர்ட்டாக அல்ல, ஆறாம் ஜார்ஜாக. எங்கள் கிளைக்கு இப்படி ஒருவர் வந்திருந்தால் பிரமாணப் பத்திரம் கேட்டிருப்போம்.

காதலுக்காக மகுடத்தை உதறியவர் என்ற கதை, ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் என்னையும் வசீகரித்ததுதான். வாலிஸ் சிம்ப்ஸனுக்கு ஒரு மணம் ரத்தாகி, இரண்டாவது ரத்தாகும் தறுவாயில் இருந்தது. மந்திரிசபையும் திருச்சபையும் ஒப்பவில்லை. 326 நாள் ஆண்டவர் விலகினார். 1937 ஜூனில் பிரான்சில் நடந்த திருமணத்துக்கு அவர் குடும்பத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எட்வர்டை வீட்டில் டேவிட் என்றார்கள். ஏழு பெயர்களில் கடைசிப் பெயர். தம்பி பெர்ட்டி. அரசுப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு என்பது அந்தக் குடும்பத்தில் பழைய வழக்கம். அலெக்ஸாண்ட்ரினா விக்டோரியா 1837-இல் முதல் பெயரைக் கைவிட்டாள். அவள் மகனும் வீட்டில் பெர்ட்டிதான். 1901-இல் ஆல்பர்ட்டை விட்டுவிட்டு ஏழாம் எட்வர்டு ஆனார். ஷேக்ஸ்பியருக்கு இது தெரியும். முடிசூடி வரும் ஐந்தாம் ஹென்றியைப் பழைய சிநேகத்தில் ஹால் என்று தெருவில் கூப்பிட்ட ஃபால்ஸ்டாஃபுக்கு நேர்ந்த கதியை நாம் படித்திருக்கிறோம்.

தம்பி இயல்பில் இடதுகைக்காரர். சிறுவயதில் வலதுகையால் எழுதப் பழக்கினார்கள். பத்திரத்திலுள்ள அந்த ஆல்பர்ட்டும் பழக்கப்பட்ட கையெழுத்துதான். திக்குவாய். 1925-இல் வெம்ப்ளி பொருட்காட்சியில் பேசிய பேச்சு அவருக்கு ஒரு சித்திரவதை. அண்ணன் போவது உறுதியானதும் தாயிடம் போய்க் குழந்தைபோல் அழுததை அவரே குறித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்தான் தகப்பன் பெயரைச் சூடிக்கொண்டு ஒலிபெருக்கிமுன் நிற்க வேண்டியதாயிற்று. போனவனைவிட இருந்தவன்தான் நாவலுக்குரியவன் என்று நண்பர்களிடம் பலமுறை வாதிட்டிருக்கிறேன்.

வாதத்தில் என் சுயலாபம் இருந்தது. என் அண்ணன் ஒரு பெண்ணுக்காக ஊரை விட்டுப் போனான். அப்பாவின் கடனும் அம்மாவின் மருந்தும் என் பேரில் வந்தன. பெர்ட்டியைப் புகழ்ந்தபோதெல்லாம் யாரைப் புகழ்ந்தேன் என்பது இப்போது புரிகிறது.

காதல் ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் என்று பிரித்ததே தப்பு. பெர்ட்டியும் காதலித்தவர்தான். எலிசபெத் போவ்ஸ்-லயன் முதலில் மறுத்தாள். காத்திருந்து 1923-இல் மணந்தார். மனைவி, மக்கள் என்று தம்பிக்கு வாய்த்தது தனக்கு வாய்க்கவில்லை என்று எட்வர்டே விடைபெறும் வானொலி உரையில் சொன்னார். அடுத்த தலைமுறையில் அக்கா எலிசபெத் 1952-இல் தன் பெயரிலேயே அரசியானாள். தங்கை மார்கரெட் 1955-இல், விவாகரத்தானவர் என்பதால் பீட்டர் டவுன்சென்டைத் துறந்தாள். 1960-இல் வேறொருவரை மணந்தாள். அது 1978-இல் விவாகரத்தில் முடிந்தது. கடமை அவளுக்கு எதையும் உத்தரவாதப்படுத்தவில்லை. நான் ஊரில் தங்கியது கடமையாலா, கிளம்பத் துணிவில்லாமலா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதில் எனக்குச் சௌகரியமாக இல்லை.

எனக்குத் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதென்று அம்மா என்னைத் துரை என்றே கூப்பிட்டாள். வங்கியில் யாருக்கும் அது தெரியாது. போன வருஷம் அம்மா செத்ததற்கு அண்ணன் வந்தான். வாசலில் நின்று, "துரை" என்றான்.

இனி அந்தப் பெயரைச் சொல்ல அவன் ஒருவன்தான் பாக்கி. கடனைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று பல வருஷமாக வைத்திருந்த கேள்வியை அன்றைக்கு நான் கேட்கவில்லை.