விரல் காய்ப்பு

இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எனக்குக் காய்ப்பு இருந்தது. வீணைக் கம்பியை அழுத்தி இழுத்து இழுத்து விழுந்த கோடுகள். பெரியவள் பிறந்து சில மாதங்களில் அவை மறைந்தன. சின்னவன் பிறந்தபோது தடவிப் பார்த்தாலும் தட்டுப்படவில்லை.

மேடை எனக்குப் பெரிதாக வாய்த்ததில்லை. அந்தக் குறையும் கிடையாது. விடியற்காலைச் சாதகத்துக்குத்தான் மனம் ஏங்குகிறது. தெரு எழும் முன்னே, எண்ணெய் நனைத்த பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலத்திலும். பிறகு பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் பைரவி அடதாள வர்ணம். அந்தக் காந்தாரத்தின் அசைவு கைவசப்படவே வாரக்கணக்கில் ஆகும். வசப்பட்ட அன்று யார் என்ன சொன்னாலும் மனசு நிமிர்ந்தே இருக்கும்.

பிள்ளை வளர்க்கிறவளுக்கு நேரம் கிடைக்காமல் இல்லை. பால் காய்வதற்குள், பள்ளி வேன் வருவதற்குள் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அதில் துணி மடிக்கலாம். வீணையில் ஏழு கம்பிகளைச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் "அம்மா" என்று குரல் வந்துவிடும். வீணையும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெயிலில் மெழுகு இளகினால் ஸ்வரம் விலகும், ஆளை அழைத்து மறுபடி மேளம் கட்ட வேண்டும்.

வீணை தனம்மாளை (1867–1938) அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நான்கு பெண்களுக்குத் தாய். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்க உட்கார்ந்தால் ஒரு பேச்சுச் சத்தம் கூடாது என்பார்கள். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லாரும் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள்தான். வாசிப்பே அங்கே ஜீவனம், அதனால் வீடு அடங்கியது என்று சொல்லலாம். இருக்கட்டும். பாட்டியின் வீணைக்காகப் பெரிய மனிதர்களும் வாய்மூடி உட்கார்ந்த குடும்பம் அது. என் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றைக் காட்ட எனக்கு ஆசை.

உங்கள் வீட்டில் பாடுகிற, படிக்கிற, வரைகிற ஒரு அம்மா இருந்தால், தினமும் ஒரு மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். குழந்தை அழுதால் நீங்கள் தூக்குங்கள்.