ஒரே கீபோர்டு, ரெண்டு கம்ப்யூட்டர்

ஷார்ஜா ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ், மகளுக்குப் படிப்பு மேசை. தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டின புளூடூத் கீபோர்டு ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு கம்ப்யூட்டருமே பழசு, புளூடூத் கிடையாது. நகம் அளவு அடாப்டர் ஒன்று வாங்கி, மாற்றி மாற்றிச் செருகினோம். இங்கே செருகி இணைத்தால் அங்கே போச்சு, திரும்பவும் பேரிங்! அந்த ரகசியச் சாவி பெரும்பாலும் அடாப்டரில் இருக்காது, கம்ப்யூட்டரில்தான் இருக்கும். கீபோர்டோ புதுச் சாவி வந்ததும் பழசை மறந்துவிடும்.

இன்னொரு அடாப்டர் வாங்கினோம், ஆளுக்கு ஒண்ணு. கீபோர்டில் 1 அமுக்கினால் என்னுது, 2 அவளுது.

போன வாரம் 2-ஐ அமுக்க மறந்திருக்கிறாள். என் கணக்கு ஷீட்டில் திடீரென்று ஆங்கிலத்தில் 'ஏ, கே, கே, க்யூ'. கீபோர்டு எந்த விசை என்று மட்டும்தான் சொல்லும், மொழி கம்ப்யூட்டர் முடிவு பண்ணுவது. அழிக்கப் போனவள், எதிரே ஸ்டிக்கரைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். (அபுதாபியில் வளர்ந்தவள், எனக்கும் அப்படித்தான் படிக்க வரும்.) அ, ம, ம, ஆ. அம்மா.

தமிழ் வகுப்புக் கட்டுரை. அடுத்த வரியையும் கூட்டிப் படித்தேன்: அம்மாவுக்கு எப்பவும் மீட்டிங்.

விசைகளையே பார்த்து அடித்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "என் ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலையேம்மா?"

"2-ஐ அமுக்குடா கண்ணு" என்றேன்.

ஷீட்டில் அந்த ரெண்டு வரியை இன்னும் அழிக்கலை.